விமானத்துக்காகப் பாலிஷ் போட்ட ஷூ

இறந்தவரின் முகத்தை மூடுவதற்கு அந்தத் தீவில் இருந்ததெல்லாம் சுற்றுலாக் கம்பெனித் துண்டுதான். வெள்ளைத் துண்டு, ஓரத்தில் தங்க நிறக் கிரீடம், நடுவில் பெரிய எழுத்தில் ‘உங்கள் வாழ்வின் மிகச் சிறந்த நாள்!’. விருந்தினர்களைக் கவனிக்கும் பெண் டீகன் அதை விரித்துப் போட்ட பிறகுதான் படித்தாள். சட்டென்று உருவி, எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிப் போட்டாள். இனி ரென்ஸோ மட்டும்தான் அதைப் படிக்க முடியும்.

கிளெனிஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவள். இந்த நேரத்தில் என்னென்னவோ தோன்ற வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. தோன்றியது ஒன்றுதான். துண்டு நீளம் போதாது. முட்டிக்குக் கீழே எல்லாம் தெரிகிறது.

தெரிந்தது நீல உடுப்பு. ஜெல்லி மீன் கொட்டும் மாதங்களில் அது இல்லாமல் யாரையும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். உச்சந்தலையிலிருந்து கணுக்கால்வரை தோலோடு ஒட்டிக்கொள்ளும் வழுவழுப்பான துணி. இருபது வயது உடம்புக்கென்று தைத்தது. எழுபத்து நான்கு வயதுக் கரும்பு விவசாயியின் வயிற்றை அது கொஞ்சமும் மன்னிக்கவில்லை. காலையில் அதற்குள் நுழைந்து முடித்து, மூச்சு வாங்க ரென்ஸோ சொன்னார்:

“கிளெனிஸ், இந்தக் கோலத்துல என்னைத் தெரிஞ்சவன் எவனாவது பாத்துட்டான்னா, நிலத்த வித்துட்டு ஊர விட்டே போயிடுவேன்.”

“யாரு வாங்குவா உன் நிலத்த? பேசாம எறங்கு.”

அவர் இறங்கினார். அவ்வளவுதான்.

நீந்தும் சாமான்களைக் கழுவிக் காயப்போடும் கொட்டகையில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே கம்பியில் அதே நீல உடுப்புகள் வரிசையாகத் தொங்கி, சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டு துண்டின் மேல் விழுந்தது. கிளெனிஸ் அந்த உடுப்பை எடுத்துத் தள்ளி மாட்டினாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ரென்ஸோ இந்தக் கோலத்தோடு கரைக்குப் போகக் கூடாது. சாயங்காலம் படகுத்துறையில் இன்னிஸ்ஃபெய்ல் ஊரில் பாதி நிற்கும். கரும்பாலைக்காரர்கள் தூண்டில் போட வருவார்கள். செய்தி இதற்குள் போயிருந்தால் மீதிப் பாதியும் வரும்.

மாற்று உடை இருந்தது. பழுப்புத் தோல்பைக்குள், மடிப்புக் கலையாமல்: இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, கறுப்புக் காலுறை, முகம் தெரியப் பாலிஷ் போட்ட ஷூ. விமானத்துக்கென்று கொண்டு வந்தது.

இந்தப் பயணமே மகன் டாரன் கொடுத்த பரிசு. டாரன் வீட்டுமனை வியாபாரி. ஊரில் பேருந்துக்குக் காத்திருக்கிற எவரும் அவன் முகத்தின் மேல்தான் உட்கார்ந்தாக வேண்டும். அத்தனை பெஞ்சுகளிலும் அவன் படம், கீழே ‘உங்கள் கனவு, என் கடமை’. அப்பாவுக்கும் ஒரு கனவு இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்து, ‘வானும் கடலும்’ என்ற சுற்றுலாவில் மூன்று இடம் பிடித்தான். போகும்போது படகு, திரும்பும்போது தண்ணீரில் இறங்கி ஏறும் சின்ன விமானம். வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று வகை. படகு ஒன்றுதான், தீவு ஒன்றுதான், பவளப்பாறையும் அதே பாறைதான், மீன்களும் ஆள் பார்த்து வருவதில்லை. பிளாட்டினத்துக்கு மட்டும் நாற்காலியில் மெத்தை, கையில் நுரைக்கும் ஒயின், முடிவில் தங்க ஓரம் போட்ட சான்றிதழ்.

ரென்ஸோவுக்குக் கடல் வேண்டாம். பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற கடலுக்குள் போய் என்ன பார்ப்பது என்று கேட்டார். விமானம் என்றதும்தான் பேச்சு மாறியது. மருந்து தெளிக்க வரும் விமானக்காரர்கள் அவரிடம் வருடா வருடம் சொல்வார்கள்: மேலிருந்து பார்த்தால் இந்த வட்டாரத்திலேயே உன் வயல் வரிசைதான் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது என்று. ஐம்பது வருடமாகக் காதால் கேட்டதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். வெட்டு முடிந்து, கட்டைக் கரும்பு முழங்காலளவு துளிர்த்திருக்கும் மாதம். வரிசை நன்றாகத் தெரியும்.

விமானத்துக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் கட்சி. இத்தாலியில் அம்மாவின் சவ அடக்கத்துக்குப் போனபோது ஒரே ஒரு முறை பறந்திருக்கிறார். அதற்காக அவசரத்தில் வாங்கியதுதான் இந்த ஷூ. கடையில் மிச்சம் இருந்தது ஒரு அளவு பெரியது. அன்றிலிருந்து கல்யாணமோ சாவோ, நுனியில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துத்தான் போடுவார்.

காலையில் படகுத்துறையில் ஒவ்வொருவரையும் எடை பார்த்தார்கள். சின்ன விமானம்; யார் எங்கே உட்கார்வது என்பதைக் கிலோதான் தீர்மானிக்கும். ரென்ஸோ ரப்பர்ச் செருப்போடு எடை மேடையில் ஏறி, பையிலிருந்து ஷூவை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சார், அது வேண்டாம், கீழ வைங்க” என்றாள் டீகன்.

“இதப் போட்டுக்கிட்டுத்தாம்மா பறக்கப் போறேன். அப்புறம் கனம் கூடிருச்சுன்னு நடுவழில எறக்கி விட்டீங்கன்னா?”

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். டாரன் சிரிக்கவில்லை. படகில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்ததும் ஷூவைப் பார்த்தான். உள்ளே கையை விட்டான்.

“என்னப்பா இது, குப்பைய அடைச்சு வெச்சிருக்க? இது பிளாட்டினம்ப்பா.”

செய்தித்தாள் உருண்டை இரண்டும் குப்பைத்தொட்டிக்குப் போயின. ரென்ஸோ மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே விடு என்றாள். விட்டார்.

தீவில் இடுப்பளவுத் தண்ணீரில், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, குப்புற மிதந்தார். டாரன் கரையிலிருந்து போனில் படம் எடுத்தான். “அம்மா, பாரு! கடல் வேணாம்னு சொன்ன மனுஷன். தலையத் தூக்கறாரா பாரு!” தூக்கவில்லை. எதையோ ரசிக்கிறார் என்றுதான் கிளெனிஸும் நினைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஓடினார்கள், இழுத்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், முதலுதவிப் பெட்டியைத் திறந்து நெஞ்சில் மின்சாரம் வைத்தார்கள். சுற்றுலா வந்திருந்த ஒரு நர்ஸ் கடைசியில் கையை எடுத்துவிட்டு, எழுந்திருக்காமலே இல்லை என்று தலையை ஆட்டினாள். சாப்பாட்டுப் பந்தலில் இறாலுக்கு நின்ற வரிசை முதலில் கலைந்தது. பின்னர் ஒவ்வொருவராக, துக்கத்துக்கு மரியாதை கொடுக்கும் நடையில், தட்டோடு மறுபடி வந்து சேர்ந்தார்கள்.

போலீஸ் படகு வந்தது. சார்ஜன்ட் ரோண்டா அகலமான பெண். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் நுழைந்தாள். வேண்டியதைக் கேட்டாள், எழுதிக்கொண்டாள். டாரனின் போனை வாங்கி உறைக்குள் போட்டாள். அவன் கொடுத்த கையை மடக்காமலே கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டிருந்தான்.

“ஏதாவது கேக்கணுமாம்மா?” என்றாள் சார்ஜன்ட்.

“அவருக்கு உடுப்பு மாத்தணும். பத்து நிமிஷம் போதும்.”

“மாத்தக் கூடாதும்மா. எப்படி இருக்காரோ அப்படியேதான் கொண்டு போகணும். மரண விசாரணைக்குப் போகுது. எதையும் கழட்டக் கூடாது.”

“இதோடயா துறைக்குக் கொண்டு போவீங்க?”

“போர்வை இருக்கு. மூடித்தான் கொண்டு போவோம்.”

“அவரு ஒசரம்” என்றாள் கிளெனிஸ். “கால் வெளிய நிக்கும்.”

சார்ஜன்ட் துண்டுக்கு வெளியே நீட்டியிருந்த காலைப் பார்த்தாள். அதற்கு அவளிடம் விதி இல்லை.

அப்போது விமானம் மணல்திட்டுக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. விமானி கிரெய்க் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான். டாரனுக்கு உயிர் வந்ததுபோல் ஆயிற்று. பேசுவதற்கு ஓர் ஆள்.

“எங்கப்பாவுக்கு சீட்டு இருக்கு. பிளாட்டினம் சீட்டு. விமானத்துலயே கூட்டிட்டுப் போறோம்.”

“டாரன்…” என்றான் கிரெய்க்.

“எடை பாத்தாச்சு. ஷூவோட சேத்துப் பாத்தாச்சு. உங்க கணக்குல அவரு இருக்காரு.”

“உக்காந்து வர்றவங்களுக்குத்தான் சீட்டு, டாரன்.”

டாரன் வாயை மூடிக்கொண்டான். பெஞ்சு விளம்பரத்தில் இருந்த அதே முகம்தான். பற்கள் மட்டும் தெரியவில்லை. மணலில் கவிழ்த்து வைத்திருந்த துடுப்புப் படகின் மேல் போய் உட்கார்ந்தான்.

டீகன் வந்தாள். கையில் தட்டு, தட்டில் மூன்று சான்றிதழ். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் கொடுப்பது. கொடுக்காவிட்டால் மேலாளர் கேட்பார். கொடுப்பதா வேண்டாமா என்று அவளுக்குச் சொல்லித் தந்த எந்த வாக்கியத்திலும் இல்லை. “மேடம், இது… அவங்க பேரு முன்னாடியே அச்சடிச்சது… எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல” என்று தட்டை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றாள்.

“குடும்மா. நீ என்ன பண்ணுவ.”

‘ரென்ஸோ பெர்டெல்லி அவர்கள் வானையும் கடலையும் வெற்றிகரமாகக் கடந்தார்’ என்றிருந்தது. கீழே ‘கமடோர்’ என்ற கப்பல்படைத் தலைவர் பட்டத்தோடு ஒரு கையெழுத்து. அந்தக் கமடோர் துறையில் டிக்கெட் கிழிப்பவர் என்பது ஊருக்கே தெரியும்.

கிரெய்க் தயங்கித் தயங்கி, கிளம்ப வேண்டும், காற்று மாறுகிறது என்றான். ஆட்களை மாற்றி உட்கார வைக்க வேண்டும். பருமனான ஒருவரை முன்சீட்டுக்குக் கொண்டு வரலாம். அம்மாவும் மகனும் வருகிறார்களா?

“நான் அப்பாகூட இருக்கேன்” என்றான் டாரன், எழுந்திருக்காமல்.

“வேணாம்” என்றாள் கிளெனிஸ். “நீ பறந்து போ. கரைல பாக்க வேண்டியது நெறைய இருக்கு. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, புள்ளைங்கள துறைக்குக் கூட்டிட்டு வர வேணாம்னு.”

“அம்மா, நான்தானே அவர எறங்கச் சொன்னேன்.”

“நானும்தான் சொன்னேன்.”

பந்தலில் யாரோ இறால் ஓட்டை உடைத்தார்கள்.

“நம்ம வயலுக்கு மேலதான் போவானா?” என்றாள்.

“கேட்டு வெச்சிருக்கேன். பிளாட்…” என்று ஆரம்பித்து நிறுத்தினான். “போவான்மா.”

“அப்ப நல்லா பாத்துக்க. வரிசை நேரா இருக்கான்னு.”

அவன் தலையாட்டினான். தண்ணீருக்குள் இறங்கும்போது காற்சட்டையை மடக்கிவிட்டுக்கொள்ளவில்லை.

விமானம் கிளம்பும் சத்தம் கேட்டபோது கிளெனிஸ் கொட்டகையில் இருந்தாள். தோல்பையைத் திறந்தாள். சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டாள். காலுறையை எடுத்தாள். கணுக்காலோடு நீல உடுப்பு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ரென்ஸோ ரென்ஸோவாகவே இருந்தார். இடது கட்டைவிரலில் வெட்டுக்கத்தி பட்ட பழைய தழும்பு. விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மணலைத் தன் பாவாடை நுனியால் துடைத்தாள். காலுறையை ஏற்றினாள். கால் கனமாக இருந்தது, உயிரோடு இருந்தால் தானாக நீட்டிக் கொடுத்திருப்பார்.

சார்ஜன்ட் போர்வையோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

“கழட்டல” என்றாள் கிளெனிஸ், திரும்பாமல்.

சார்ஜன்ட் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். “கழட்டக் கூடாதுன்னுதாம்மா சொன்னேன்.”

ஷூ நழுவியது. மறுபடி மாட்டினாள், குதிகால் வெளியே வந்துவிட்டது. செய்தித்தாள் இல்லை. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். ஈர உடுப்புகள், காலில் மாட்டி நீந்தும் ரப்பர்த் துடுப்புகள், பிளாஸ்டிக் வாளி. பைக்குள் கைவிட்டபோது அவர் பேர் போட்ட சான்றிதழ் தட்டுப்பட்டது. தடித்த நல்ல காகிதம். சரிபாதியாகக் கிழித்தாள். ஒவ்வொரு பாதியையும் கசக்கி, கசக்கி, மெத்தென்று ஆகும்வரை கசக்கி, ஷூவின் நுனியில் திணித்தாள். தங்க ஓரம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. விரலால் உள்ளே தள்ளினாள். இப்போது சரியாக நின்றது. நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டாள், அவருக்குப் பிடித்த மாதிரி.

“ஆச்சு” என்றாள்.

சார்ஜன்ட் திரும்பி வந்து சாம்பல் நிறப் போர்வையைத் தலையிலிருந்து இழுத்து மூடினாள். கம்பெனித் துண்டு உள்ளேயே போயிற்று. ரென்ஸோ உயரம்தான், போர்வை கணுக்காலோடு நின்றது. நீலம் எங்கும் தெரியவில்லை. பாலிஷ் போட்ட இரண்டு ஷூ மட்டும், நுனி வானத்தைப் பார்த்துக்கொண்டு.

மேலே விமானம் தீவை ஒரு சுற்றுச் சுற்றியது. எல்லாப் பயணத்திலும் சுற்றுவதுதான். பயணிகள் படம் எடுத்துக்கொள்வதற்காக. கிளெனிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. தூக்குபவர்களுக்கு வழி விட்டு, பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

போலீஸ் படகில் அவரை நீளவாக்கில் வைத்தார்கள். அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். சார்ஜன்ட் நீட்டிய தேநீரை வாங்கிக் குடிக்காமல் வைத்தாள். பாறையைத் தாண்டியதும் அலை பெரிதாயிற்று. முதல் சாரல் வந்து ஷூவின் மேல் விழுந்தது. உப்புத் தண்ணீர் தோலுக்கு ஆகாது. கிளெனிஸ் தன் சட்டைக் கையை இழுத்து முனையால் துடைத்தாள். அடுத்த சாரல் வந்தது. துடைத்தாள்.