ஆறு மணிக்குள் ஒன்பது சதவீதம்

காபிக்கடையில் இடம்பிடிக்க மடிக்கணினியைத் திறந்தபடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது சியோலில் எல்லோரும் செய்வதுதான். ஹேரினும் போனாள். தொக்பொக்கி தின்றுவிட்டுத் திரும்பினால், கணினி வைத்த இடத்திலேயே இருந்தது, சார்ஜ்தான் போயிருந்தது. ஒன்பது சதவீதம்.

மணி ஐந்து பத்து. பதினேழாவது வேலை விண்ணப்பம் ஆறு மணியோடு முடிகிறது. பதினாறு கம்பெனிகள் ஏற்கெனவே கைவிரித்தாயிற்று. இதுவும் போனால் ஊருக்குத் திரும்பி அப்பாவின் மீன்கடையில் உட்காருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சார்ஜரோ வீட்டில். ஒரே காபிக்கு நாளெல்லாம் உட்காரும் இவளைப் போன்ற புண்ணியவதிகளுக்காகவே கடைக்காரர் பிளக்குகளையெல்லாம் ஒட்டி மூடியிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே ஹேரினுக்குக் கூச்சம்.

கல்லூரியில் சீனியராக இருந்த தோக்யோங்கைக் கூப்பிட்டாள்.

"அக்கா, செத்தேன்."

"சாவறதுக்கு முன்னாடி பிரவுசரைப் பாருடி. எத்தனை டேப் திறந்திருக்கு?"

"நாப்பத்தி மூணு."

"அது பிரவுசரா, சந்தையா? விண்ணப்பத்தைத் தவிர எல்லாத்தையும் மூடு. செட்டிங்ஸ்ல 'பேட்டரி சேமிப்பு' இருக்கும், போடு. வீடியோ தானா ஓடுறதை நிறுத்து. எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஆஃப் பண்ணு."

பாதியில் விட்ட ஜப்பானிய வகுப்பு, வாங்காத ஏழு கோட்டுகள் எல்லாம் மூடின. கடைசியில் ஒன்றில் விரல் நின்றது.

"என்னடி சத்தமே காணோம்? உன் பழைய காதலன் பக்கமா?"

"சும்மா திறந்து கிடந்துச்சுக்கா..."

"மூடுடி! அன்னைக்கு உன் உயிரை வாங்கினான், இன்னைக்கு சார்ஜை வாங்குறான்."

மூடினாள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் கணினியின் விசிறி இரைச்சல் அடங்கியது.

அக்கா போனை வைக்கவில்லை. வெளிச்சத்தைக் குறை, முதுகை நிமிர்த்து என்று நாற்பது நிமிடம் விடாமல் வர்ணனை. ஐந்து ஐம்பதுக்கு ஹேரின் கடைசி வரியை அடித்தாள். நான்கு சதவீதம் மிச்சம். அனுப்பு பொத்தானை அழுத்தினாள். 'கைபேசிக்கு வரும் எண்ணை உள்ளிட்டு உங்களை உறுதிப்படுத்துங்கள்' என்றது திரை.

அந்த நொடியில் அக்காவின் குரல் நின்றது. பேசிப் பேசியே ஹேரினின் கைபேசி செத்துப்போயிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பையைக் கவிழ்த்துக் கேபிளைத் தேடி, கைபேசியைக் கணினியிலேயே சொருகினாள். பழைய கஞ்சி மட்டும் இருக்கும் வீட்டுக்கு விருந்தாளி வந்த கதைதான். மூன்று, இரண்டு. கைபேசி சாவகாசமாகக் கண் விழித்தது. ஐந்து ஐம்பத்தேழுக்கு எண் வந்தது. அடித்தாள், அழுத்தினாள். கணினி அணைந்தது.

போனதா, போகவில்லையா? ஒரு சதவீதத்தில் இருந்த கைபேசி அதிர்ந்தது. ஏதோ குறுஞ்செய்தி, அதை மறைத்துக்கொண்டு அக்காவின் அழைப்பு. பெரியவர்கள் அழைப்பைத் துண்டிப்பது மரியாதையில்லைதான். துண்டித்தாள்.

'விண்ணப்பம் பெறப்பட்டது.'

கைபேசியும் அணைந்தது. இரண்டு கறுப்புத் திரைகளுக்கு முன்னால் ஹேரின் வாய்விட்டுச் சிரித்தாள். கடைக்காரர் கோப்பையை எடுக்க வந்தார்.

"ஏம்மா, சார்ஜ் தீந்துபோச்சா? கல்லாவுல எல்லா மாதிரி சார்ஜரும் தொங்குது, பக்கத்துலயே பிளக்கும் இருக்கு. வாயைத் திறந்து கேட்டிருந்தா தந்திருப்பேனே!"

ஹேரின் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு காபி குடுங்க சார். பெருசா."