குறையே இல்லாத வீடு

பண்ணைக்காரர் மூன்று டம்ளர் தேநீரைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அவளிடம், "சர்க்கரை போதுமான்னு பாருங்கம்மா" என்றார். பிறகு அவளுடைய கணவரிடம் எதுவும் கேட்காமல், ஓரமாக இருந்த டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினார். கணவரும் எதுவும் கேட்காமல் வாங்கி ஒரு வாய் குடித்தார். அவருக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை சேர்க்காத தேநீர்தான். புது வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று ஊருக்கே அறிவிக்கிற மனிதர், இன்று வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தை அவரும் இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது பேருந்தில் வரும்போது அவர் சொன்ன கதை. அவள் தன் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பேசாமல் இருப்பது அவளுக்குத் தொழிலில் வந்த பழக்கம். முப்பத்தொரு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் செக்கராக இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை வெள்ளை விளக்கின் கீழே விரித்து, திருப்பி, இழுத்துப் பார்த்து, குறை தெரியும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது வேலை. சரிசெய்யக்கூடிய குறை என்றால் சட்டை ஆல்டர் கூடைக்குப் போகும், தைத்தவரே பிரித்துத் தைக்க வேண்டும். முடியாதது என்றால் ரிஜெக்ட் பெட்டி. ஒரு பண்டல் முழுக்கக் குறையே இல்லாமல் வந்தால் மற்ற செக்கர்கள் சந்தோஷப்படுவார்கள். அவள் மட்டும் அதை முதலிலிருந்து மறுபடி பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று டெய்லர்கள் முணுமுணுப்பது அவள் காதிலும் விழும். மனிதக் கை பட்ட எதுவும் குறையில்லாமல் வராது, வந்தால் யாரோ மறைத்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

ஓய்வு பெற்ற அன்று என்ன பரிசு வேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, ஒரு பெட்டி அம்பு ஸ்டிக்கர் போதும் என்று வாங்கி வந்துவிட்டாள். அது வீட்டில் பெரிய வசதியாகிப் போனது. ஒழுகும் குழாய், ஆடும் நாற்காலிக் கால், சரியாகச் சாத்தாத ஜன்னல், எல்லாவற்றிலும் ஓர் அம்பு. நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கணவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவார், சரிசெய்வார், அம்பை உரித்துத் தன் கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவைப்பார். மற்ற வீடுகளில் கணவனும் மனைவியும் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த வீட்டில் சத்தமில்லாமல் ஒரு ஸ்டிக்கர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சில மாதங்களாகத்தான் எதுவோ இடித்தது. பெட்டியில் அம்புகள் அவள் ஒட்டியதைவிட வேகமாகக் குறைந்தன. கேட்டதற்கு, பசை காய்ந்துபோனதைத் தூக்கிப்போட்டேன் என்றார். தோள்பட்டை வலிக்குச் சிகிச்சை என்று செவ்வாயும் வெள்ளியும் காலையில் கிளம்பி மாலையில் வந்தார். அந்தச் சட்டைகளைத் துவைக்கும்போது இடது பையில் பிஸ்கட் தூள். சர்க்கரைக்காரர் ஒளித்துத் தின்கிறாரே என்று முதலில் எரிச்சல்பட்டாள். பிறகு கை மடிப்பில் ஒரு வைக்கோல் இழை கிடைத்தது. எந்த ஆஸ்பத்திரியில் வைக்கோல் இருக்கும்? வேறொருத்தி இருக்கிறாளோ என்றுகூட ஒரு மதியம் யோசித்தாள். அறுபத்துநாலு வயதில் இவரை நம்பி வந்த அந்தப் புண்ணியவதி யாரோ என்று அவளுக்காகக் கொஞ்சம் பரிதாபமும் பட்டாள்.

அதே காலத்தில்தான் பண்ணைப் பேச்சும் சூடு பிடித்தது. ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர், சின்ன வீடு, ஆறு ஆடு, ஒரு பசு, கோழிகள். அவருக்கு ராத்திரி பகல் இதே பேச்சு. அதை வாங்க வேண்டுமானால் அவர்கள் இருக்கும் நாலாவது மாடி வீட்டை விற்றாக வேண்டும். அந்த வீடு அவள் பெயரில் இருந்தது. வாழ்க்கையில் அவள் பெயரில் இருந்ததே அது ஒன்றுதான். சட்டை சட்டையாகப் பார்த்துச் சேர்த்த வீடு. வாங்குபவர்கள் தயாராக இருந்தார்கள், திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் திரும்பிப் போக ஒரு கதவு கிடையாது. அவள் பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டே போக, அவர்தான் கடைசியில் இறங்கி வந்தார்.

"நீ வந்து பாரு. உன் கண்ணால பாரு. ஒரே ஒரு குறை சொன்னாக்கூட விட்டுடறேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், போதுமா?"

ஒரே ஒரு குறை. அவளிடம் போய் அப்படிச் சொல்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கைப்பையில் ஒரு முழ நீளத்துக்கு அம்புகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தேநீருக்குப் பிறகு பார்க்கத் தொடங்கினாள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள், சொட்டவில்லை. அலமாரிக் கதவுகள் விரல் பட்டதும் சாத்திக்கொண்டன. ஜன்னல் கொக்கிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. படுக்கையறைச் சுவரில் ஈரத்தின் பழைய நிழல் மட்டும் தெரிந்தது, கையை வைத்தால் உலர்ந்திருந்தது. வெளியே வந்து வேலியை நூறடிக்கு நடந்து பார்த்தாள், ஒரு கம்பி தளர்ந்திருக்கவில்லை. கோழிக்கூண்டின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் சுருளிலிருந்து ஓர் அம்புகூட உரியவில்லை. கணவர் நாலடி பின்னால், பரீட்சைத் தாளைத் திருத்தும் இடத்தில் நிற்கிற மாணவனைப் போல நடந்து வந்தார். அவள் தாழ்ப்பாளை மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். வீடு நன்றாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்படுகிற பிறவி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பண்ணைக்காரர் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏங்க விக்கிறீங்க?"

அவர் இரண்டு முழங்காலையும் தட்டிக் காட்டினார். "இது ரெண்டும் கைவிட்டுடுச்சும்மா. ரெண்டு வருஷமா நான் ஏணியில கால் வெச்சதில்ல. குனிஞ்சா நிமிர்றதுக்குள்ள ஆடு என்னைத் தாண்டி ஓடிடுது."

"ஆள் யாராவது வெச்சிருக்கீங்களா?"

"எங்கம்மா கிடைக்கறாங்க? நானும் என் சம்சாரமும்தான் இருந்தோம். அவளும் பொண்ணு வீட்டுக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு. நானும் வந்துடறேன்னு சொல்லியிருக்கேன்."

பின்னால் கணவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். தகடுகள் பழையவை, ஆனால் அவற்றைப் பிடித்திருந்த திருகாணிகள் புதுக் காசு மாதிரி மின்னின. ஏணி ஏறாதவர், ஆள் வைக்காதவர். கூரையை முடுக்கிவிட்டுப் போனது காற்றா?

அந்த நேரம் பார்த்து ஆடுகள் மேய்ச்சலிலிருந்து வந்தன. அதில் பழுப்பு நிறப் பெண்ணாடு ஒன்று மற்றவற்றை விலக்கிக்கொண்டு, அவளைத் தாண்டி, பண்ணைக்காரரைத் தாண்டி, நேராக அவள் கணவரிடம் போய் முன்னங்கால்களைத் தூக்கி அவர் வயிற்றில் ஊன்றி, மூக்கைச் சட்டையின் இடது பைக்குள் விட்டது. வலது பக்கமும் பை இருந்தது. அதை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சூ, போ! யாரு ஆடு இது?" என்றார் கணவர்.

அவருக்கு நடிக்க வரும் அளவுக்கு ஆட்டுக்கு வரவில்லை. பிஸ்கட் தூளுக்கு அன்று ஒரு விலாசம் கிடைத்தது. புண்ணியவதிக்குக் கொம்பும் தாடியும் இருந்தன. சிரிப்பு தொண்டைவரை வந்தாலும் அவள் அதை வெளியே விடவில்லை, ஏனென்றால் அதன் பின்னாலேயே வேறொரு நினைப்பும் வந்தது. பண்ணைக்காரர் ஏதாவது மறைப்பார் என்று எதிர்பார்த்துத்தான் வந்தாள். மறைத்தவர் அவளோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பேருந்தில் வந்திருக்கிறார்.

"கொட்டகையைப் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

"அங்க என்ன இருக்கு? ஒரே நாத்தம்."

"பாத்திருக்கீங்களா?"

"இல்ல... வாடை வருதே."

அவள் நடந்தாள். ஆட்டுக் கொட்டகையின் கதவு பாதி திறந்து நின்றது. தள்ளியபோது முனகிக்கொண்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. அண்ணாந்து பார்த்தாள். மேல் கீல் ஒரே ஒரு திருகாணியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு குறை கிடைத்துவிட்ட நிம்மதியில் கைப்பையைத் திறக்கப் போனவள், கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். கீலுக்குக் கீழே ஏற்கெனவே ஒரு சிவப்பு அம்பு இருந்தது. தூசி படிந்து, நிறம் மங்கி, ஆனால் அவள் ஒட்டுகிற மாதிரியே, கூர் குறையைத் தொட, வால் கீழே பார்க்க.

கணவர் பின்னால் வந்து நின்றார். வெளியே பண்ணைக்காரர் கோழிகளை அதட்டுவது கேட்டது.

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசம்" என்றார். ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பதில் அவர் குரல் இலேசாகக்கூட ஆனது. "முதல் நாள் வந்தப்போ உன்ன மாதிரியே சுத்திச் சுத்திப் பாத்து ஒட்டினேன். நாப்பதுக்கு மேல போச்சு. நீ பாத்திருந்தா வாசல்லயே செருப்பைத் திருப்பிப் போட்டிருப்பே. அதான் ஒவ்வொண்ணா சரிபண்ணினேன். அவரும் சரின்னுட்டாரு, அவருக்கென்ன, சும்மா கிடைக்கிற மெக்கானிக்."

"அப்புறமாத்தான் ஒரு குறை சொன்னாலும் விட்டுடறேன்னு எங்கிட்ட வந்து பெருந்தன்மையா சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாப்பது வருஷம் லிஃப்ட் குழிக்குள்ள டார்ச் வெளிச்சத்துலயே போச்சு செக்கரம்மா. கொஞ்ச நாள் வெயில்ல நின்னு வேலை பாக்கணும்னு ஆசை. அதுவும் நீ கூட இருந்தாத்தான். நீ வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்றும் இருந்தது, அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. அவளை இவ்வளவு அணு அணுவாகத் தெரிந்துவைத்திருக்கிற ஆள் வேறு யார்? அவள் கண் எங்கெங்கே போகும் என்று முன்கூட்டியே போய், அங்கெல்லாம் ஒரு திருகாணியை முடுக்கி வைத்திருக்கிறார். இது அவளுக்காகச் செய்த வேலையா, அவளை ஏய்க்கச் செய்த வேலையா? செக்கிங்குக்கு வருவதற்கு முன்பே குறையைப் பிரித்துத் தைத்து அனுப்புகிற டெய்லர்கள் தொழிற்சாலையிலும் உண்டு. நல்ல கைக்காரர்கள். அவர்கள் சட்டையைத்தான் அவள் இரண்டு தடவை பார்ப்பாள்.

"எல்லாத்தையும் பண்ணினவரு இத மட்டும் ஏன் விட்டீங்க?"

அவர் தரையில் கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினார்.

"கேக்கறேன்ல?"

"உயரத்துல இருக்கு."

"கூரை இதைவிட உயரம்."

"கூரை அப்பவே போட்டாச்சு. ஆரம்பத்துலயே." அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். கை மார்புவரை வந்தது. அங்கேயே நின்றது. அதற்கு மேல் ஏற்ற முயன்றபோது அவர் உதடு கோணியது. "உங்கிட்ட பொய்யாத்தான் தோள்வலின்னு சொன்னேன். மூணு மாசத்துல நெசமாவே வந்துடுச்சு. டாக்டர்கிட்ட ஒரே ஒரு வெள்ளிக்கிழமை போனேன்."

"என்ன சொன்னாரு?"

"எடை தூக்கக் கூடாதாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாமாம்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக அவர் இடது கையால் தலை வாருகிறார். இன்று டம்ளரை வாங்கியதும் இடது கையால்தான். எல்லாம் அவள் கண் முன்னால்தான் நடந்தது. சட்டைப் பையில் தூளைத் தேடினாள், கை மடிப்பில் இழையைத் தேடினாள், அம்புப் பெட்டியை நிறுத்துப் பார்க்காத குறைதான். சட்டைக்கு உள்ளே இருந்த தோளை ஒருநாளும் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு பெரிய குறை அவள் மேசையைத் தாண்டிப் போனதில்லை.

முற்றத்தில் பண்ணைக்காரர் நாற்காலியிலிருந்து எழுவதற்கு இரண்டு கையையும் ஊன்றி, ஒருமுறை தவறி, மறுபடி ஊன்றிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்தாள். கணவரும் பார்த்தார். பிறகு இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ஒரு குறை சொன்னா விட்டுடறேன்னீங்க" என்றாள்.

"சொன்னேன்." அவர் கீலைப் பார்த்தார். "சொல்லிடு. நான் வாக்கு மாற மாட்டேன்."

அவள் எட்டி, நகத்தால் அந்த அம்பை ஓரத்திலிருந்து கிழியாமல் உரித்தாள். வாயால் ஊதித் தூசியைப் போக்கினாள். பசை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை அவர் வலது தோளில், கை தைத்திருக்கும் தையலுக்கு மேலே, கூர் எலும்பைத் தொடும்படி வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆல்டர் கூடைக்கா ரிஜெக்ட் பெட்டிக்கா என்று அவர் கேட்கவில்லை. திங்கட்கிழமைக் கையெழுத்தைப் பற்றியும் கேட்கவில்லை. முன்பக்கத்தை மட்டும் பார்த்து அவள் எதையும் முடிவு செய்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"திரும்புங்க" என்றாள்.

"என்னது?"

"திரும்பி நில்லுங்க. பின்பக்கம் பாக்கணும்."

அவர் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, வெயில் விழும் இடத்தில் கையைத் தொங்கவிட்டு நின்றார். பழுப்பு ஆடு வந்து மறுபடி இடது பைக்குள் மூக்கை விட்டது. அவர் அதை விரட்டவும் இல்லை, அசையவும் இல்லை. அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காலரிலிருந்து தொடங்கினாள்.