பதினேழு ஒரு தடவைதான் கூப்பிடும்

என் அண்ணன் அரசு கடலில் போய் மூன்று வருடம் கழித்து அவன் படகு கரையைக் கூப்பிட்டது.

காலை ஏலம் முடிந்து, சதுரங்கப்பட்டினம் மீன் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். சுவரில் மாட்டியிருந்த எங்கள் கம்பெனி ரிசீவரில் சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கியது. சின்னத் திரையில் 17 என்று வந்தது. பதினேழு அரசுவின் படகு எண். அந்தப் படகு இல்லை. அவனும் இல்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் மூர்த்தி, ரிசீவர் மேல் ஒரு கோணியைப் போட்டு மூடிவிட்டு எனக்கு போன் செய்தார்.

"வினிதா, உங்கண்ணன் கூப்ட்டுகினு கீறான். இன்னா பண்ணட்டும்?"

"என்னண்ணே உளர்றீங்க? எத்தினி தடவ வந்துச்சி?"

"ஒரு தபா. ஒரு தபா கூப்ட்டா யாரு பதில் குடுப்பா? நீ இந்தக் குப்பத்துல தான பொறந்த?"

அங்கேதான் பிறந்தேன். எங்கள் குப்பத்தில் வெளியிலிருந்து ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். உயிரோடு இருப்பவன் மூன்று தடவை கூப்பிடுவான். செத்தவனுக்கு ஒரு தடவைக்குத்தான் மூச்சு. அதற்குப் பதில் சொன்னால் சொன்னவனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். டச்சுக்காரன் கட்டிய கோட்டை மதிலோரம் விளையாடிய காலத்தில் என் அம்மா குப்பம்மா என்னை ஒவ்வொரு பெயரையும் மும்மூன்று தடவை கூப்பிட வைப்பாள்.

எங்கள் ரிசீவரும் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஒரு அழைப்பு வந்தால் விளக்கு மினுக்கும். அடுத்தடுத்து மூன்று வந்தால்தான் மணி அடிக்கும். காற்றில் அலையும் கண்ட கண்ட சிக்னலுக்கெல்லாம் மணி அடிக்கக்கூடாது என்று எங்கள் முதலாளி பரணிதரன் சார் வைத்த விதி அது. எங்கள் ஆட்களுக்கு அது வேறு காரணத்துக்காகப் பிடித்துப் போயிற்று.

அன்று போன படகுகளெல்லாம் மதியத்துக்குள் திரும்பிவிட்டன. யாருக்கும் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் மறுபடி 17. அதற்கப்புறம் இன்னொரு முறை. ரிசீவரில் வேப்பிலை சொருகினார்கள். அமாவாசைக்குள் படகுகளில் எங்கள் கம்பெனி வைத்த எல்லாப் பெட்டியையும் கழற்றிக் கடலில் போட்டுவிடுவதென்று குப்பத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

சோதனைக்காக ஐந்து ஃபைபர் படகுகளில் பெட்டி வைத்திருந்தோம். ஆபத்தென்றால் பொத்தானை அமுக்க வேண்டும். பெட்டி தன் படகு எண்ணைக் கரைக்குச் சொல்லும். முதல் பெட்டி அரசுவின் படகில்தான் இருந்தது. ஐப்பசிக் காற்றில் படகு கவிழ்ந்த அன்று கரையில் மணி அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் படிப்பு முடிந்ததும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். நேர்முகத் தேர்வில் காரணம் கேட்டார்கள். எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம் என்று சொல்லிவைத்தேன்.

பழைய சிப்பைத் தயாரிப்பாளரே நிறுத்திவிட்டதால், அதே நிரலைப் புதிய சிப் குடும்பத்துக்கு மாற்றியிருந்தோம். இனி நூறு படகுகளுக்குப் பெட்டி செய்ய வேண்டும். அதற்கு எந்தக் கருவியை வாங்குவது என்று கேளம்பாக்கம் ஆபீசில் சாரோடு சண்டை.

"சிப்புக்குள்ள நடக்கறதெல்லாம் காட்டற எமுலேட்டர் வாங்கினா ஆபீசை வித்துட்டுப் போகவேண்டியதுதான்" என்றார்.

"அது வேணாம் சார்."

"அப்ப இதே போதும்." சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, சிப்பில் நிரல் ஏற்றும் புரோகிராமர் கருவியைத் தூக்கிக் காட்டினார். பிரிண்டர் சொருகும் ஓட்டையில் மாட்டுகிற சின்ன போர்டு. "எழுதும், அழிக்கும். வேற என்ன வேணும்?"

"பார்க்கணும் சார். இது நிரலை எழுதிட்டுக் கைய கழுவிடும். ஓடும்போது சிப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு இதுக்குத் தெரியாது."

"மேசையில நல்லாத்தானே ஓடுது?"

"மேசைல யாரும் முழுகறதில்ல சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நான் விடவில்லை. புதிய சிப் குடும்பத்தைப் பரப்புவதற்காகத் தயாரிப்பாளரே உள்ளங்கையளவு டிபக்கர் ஒன்றை மலிவாக விற்கிறார். ஓடுகிற சிப்பை நடுவில் நிறுத்தி அதன் நினைவகத்தைப் படிக்கலாம். நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித்தரும் இலவச கம்பைலருக்கு அளவு வரம்பு உண்டு, ஆனால் நம் நிரல் அதற்குள் அடங்கும். ஒரே ஒரு சிக்கல். நாம் போட்டிருக்கிற அடிமட்ட விலை சிப்பில் நிறுத்திப் பார்க்கும் வசதி கிடையாது. கம்பிக்கால்கள் அதே மாதிரி இருக்கிற, ஒரு படி மேலான சிப்பை எடுக்க வேண்டும்.

"கருவிக்காக சிப்பை மாத்தச் சொல்றியா? நூறு பெட்டிக்கு?"

"ஆமா சார். முதல்ல கருவி, அப்புறம் சிப். தலைகீழா வாங்கித்தான் இப்படி நிக்கிறோம்."

"வினிதா, சென்டிமென்ட் வேற, புராடக்ட் வேற."

"எங்கண்ணன் பெட்டி ஏன் மணி அடிக்கலன்னு நீங்க இன்னும் சொல்லல."

"தண்ணி போயிருக்கும்மா."

"போயிருக்கும்னா? உங்களுக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லுங்க."

அந்த வாரமே டிபக்கர் வந்தது, மாதிரிக்கு மேல்படி சிப் ஒன்றோடு. அவர் மனம் மாறினாரா, என் வாயை மூட நினைத்தாரா, தெரியவில்லை.

அந்தச் சிப்பைப் பொருத்திய பெட்டி நல்ல பேட்டரியில் ஒழுங்காக ஓடியது. செத்துக்கொண்டிருக்கும் ஒரு பேட்டரியை வேண்டுமென்றே மாட்டினேன். மின்னழுத்தம் சரிந்தது. யாரும் பொத்தானைத் தொடவில்லை; சிப் தடுமாறி, நின்று, மறுபடி எழுந்தது. அங்கேயே நிறுத்தி உள்ளே பார்த்தேன். அந்தப் பெட்டிக்கு நான் கொடுத்திருந்த எண் 42. நினைவகத்தில் அது இருந்த இடம் குப்பையாகிக் கிடந்தது. சொந்த எண் படிக்க முடியாமல் போனால் அனுப்புவதற்கென்று நிரலில் ஒரு மாற்று எண் உண்டு. அதை எடுத்துக்கொண்டது.

17.

பழைய நிரலின் கடைசிப் பிரதி அரசுவின் பெட்டிக்காக சார் எழுதியது. புதிய சிப்புக்கு மாற்றும்போது அந்த எண் அப்படியே கூட வந்துவிட்டது. எவரும் கவனிக்கவில்லை. ஒரு படி நடக்க விட்டேன். சிப் 17-ஐக் காற்றில் அனுப்பியது. அனுப்புவதற்குத்தான் மின்சாரம் அதிகம் வேண்டும். அந்த ஒரு அழைப்பிலேயே மிச்சமிருந்ததெல்லாம் தீர்ந்து, சிப் செத்தது. இரண்டாம் தடவைக்கு அதனிடம் மூச்சில்லை.

பட்டப்பகல். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பேயில்லை என்று தெரிந்த பிறகுதான் பயமே வந்தது. அம்மா சொன்ன அதே குணம். தன் பெயரை மறந்துவிட்ட ஒன்று, அண்ணனின் பெயரைச் சொல்லி, ஒரே ஒரு தடவை கூப்பிடுகிறது.

அமாவாசைக்கு முந்தின நாள் விடியலில் குப்பத்துக்குப் போய், கிளம்பிக்கொண்டிருந்த ஐந்து படகிலும் புது பேட்டரி மாட்டினேன். நிரலைச் சரிசெய்யும் வரை அதுதான் வழி.

"கடைசி நாளுக்கு இன்னா சோடனை?" என்று சிரித்தான் துரை. அரசுவோடு சேர்ந்து தொழிலுக்குப் போனவன். "நாளிக்கி உம் பெட்டிக்கு ஜலசமாதிமே."

"மூடிக்கினு பொத்தான் எங்க கீதுன்னு பாரு."

வெயில் ஏறியது. கொட்டகையில் அம்மா கூடையை முன்னால் வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் மூர்த்தி பக்கத்தில் நின்று, அவர் போட்ட கோணியை எடுத்துக்கொண்டிருந்தேன். விளக்கு மினுக்கியது. 17. ஒரு தடவை.

அம்மா கூடையோடு நகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாயத் தொறக்காதமே" என்றாள்.

"அண்ணே, போட்டுங்கள எறக்குங்க" என்றேன்.

"ஒரு தபா தானம்மா."

"இன்னிக்கிக் காலைல எல்லாத்துக்கும் புது பேட்டரி போட்டேன். புதுசு அரை நாள்ல சாகாது. எந்தப் பெட்டின்னு எனக்குத் தெரியல. ஆனா ஒரு பெட்டி தண்ணிக்குள்ள கீது."

"அரசு நம்பரு வருதே..."

"செத்தவன் கூப்புடலண்ணே. எவனோ சாவப்போறான், அவன் கூப்புடறான்!"

மூர்த்தி அசையவில்லை. நான் வேப்பிலையைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தேன். "ஒருத்தனும் வராட்டி நான் போறேன். எனக்கு போட்டு ஓட்டத் தெரியாது. முழுகினா நானும் உங்கள ஒரு தபா கூப்புடறேன், அப்பவும் கோணி போட்டு மூடுங்க!"

அம்மா எழுந்தாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மூர்த்தியிடம், "போ நைனா" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் இரண்டு படகு இறங்கியது.

தெற்கே, கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில், துரையின் படகு பின்பக்கம் அமிழ்ந்து கிடந்தது. என்ஜின் மாட்டுகிற பலகை பிளந்து தண்ணீர் ஏறியிருக்கிறது. மூன்று பேரும் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்களாம். கரையில் படுக்க வைத்தபோது துரை உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சொன்னான்: "அமுக்கிகினே இருந்தேம்மே. மூணு தபா இல்ல, முப்பது தபா அமுக்குனேன்."

அவன் பெட்டியின் எண் 23. அது ஒரு தடவைகூட வரவில்லை.

கூட்டம் கலைந்த பின் மூர்த்தி வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் தலை நிமிராமல் பேசினார்.

"உங்கண்ணன் போன அன்னிக்கும் மினுக்குச்சிம்மா. ஒரு தபா. மணி அடிக்கல. அடுத்த தபா வரட்டும்னு அது முன்னாலயே நின்னுகினு இருந்தேன். பொழுது சாயற வரிக்கும் நின்னேன்."

மூன்று வருடமாக என்னிடமிருந்த கோபம் முழுவதும் அவரை அடிக்கக் கையைத் தூக்கியது. தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்று தடவை என்று நிரலில் எழுதியவர் கேளம்பாக்கத்தில் இருக்கிறார். அதை அப்படியே நம்பியவர் இங்கே இருக்கிறார். எனக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்து வளர்த்தவள் என் அம்மா.

பெட்டிகளைக் கடலில் போடவில்லை. சார் ஒரு படி மேலான சிப்புக்கு ஒத்துக்கொண்டார். மின்னழுத்தம் சரியும்போது சிப்பை அடக்கி வைக்கிற பகுதியைச் சேர்த்தேன். ரிசீவரில் மூன்று என்பதை ஒன்றாக்கினேன். தப்பு மணி அடித்தால் அடிக்கட்டும். எண்ணெய்ச் செலவோடு போகும்.

"அந்த 17-ஐயும் எடுத்துடும்மா. பார்க்கவே என்னமோ போல இருக்கு" என்றார் சார்.

"எடுக்கமாட்டேன் சார்."

செத்தவன் எண்ணை எங்கள் குப்பத்தில் இன்னொரு படகுக்கு எழுதமாட்டார்கள். அதனால் திரையில் 17 வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தன் எண்ணைக்கூடச் சொல்ல முடியாத நிலையில் எவனோ இருக்கிறான். எல்லாப் படகும் இறங்க வேண்டும். இதைவிட நல்ல மாற்று எண் எனக்குக் கிடைக்காது.

புது ரிசீவரை மாட்டிய அன்று, செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி போட்ட ஒரு பழைய பெட்டியைக் கோட்டைப் பக்கம் கொண்டுபோய் வைத்துச் சோதித்தோம். 17. ஒரு தடவை. கொட்டகை அதிர மணி அடித்தது. சோதனைதான் என்று எல்லோருக்கும் முன்பே சொல்லியிருந்தேன். அம்மாவுக்கும் சொல்லியிருந்தேன்.

அவள் கையிலிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு, கையெல்லாம் செதிலோடு, கடலைப் பார்த்து ஓடினாள்.

"தோ வராங்கடா" என்றாள். "வராங்கடா அரசு, தோ, வந்துட்டாங்க."