மாப்பிள்ளை எடைக்கு வைத்த மோட்டார்

மோட்டார் டாக்டர் என்று ஊரில் யாரும் அவரை அழைத்ததில்லை. அது அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். ட்ரெட்மில் ரிப்பேர்தான் பிழைப்பு. ஆனால் அதில் ஏறி நடக்கிற வழக்கம் மட்டும் கிடையாது. வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க ஒருமுறை ஏறுவார், அவ்வளவுதான். அவருடைய தொப்பையைப் பார்த்தாலே அது தெரியும்.

அவருடைய மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. மகள் வீட்டில்தான் இருந்தார். மகள் வீடு என்றால் நம் டாக்டரின் வீடு. தன் வீட்டுக்குத் திரும்பிப்போய்த் தனியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாளுக்கு வேறு ஆசை இல்லை. கைப்பிடியைப் பிடிக்காமல் ட்ரெட்மில்லில் சீராக நடந்து காட்டினால் அனுப்பிவிடலாம் என்று கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் சொல்லியிருந்தாள். அந்த ட்ரெட்மில்லைப் பார்த்துக்கொள்வதும் சாட்சாத் நம் டாக்டர்தான்.

"நம்ம மெஷின் அத்தை. ஏறி நில்லுங்க, அதுவே நடத்திட்டுப் போயிடும்" என்று மார்தட்டி அழைத்துப்போனார்.

அத்தை ஏறினார். கையை விட்டார். காலை வைத்ததும் பெல்ட் வெடுக்கென்று பின்னால் இழுத்தது. பிசியோ பெண் மெஷினை அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புச் சாவியைப் பிடுங்கினாள், மெஷின் நின்றது. அத்தை கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"பெல்ட் இழுக்குது மாப்பிள்ளை."

"மெஷின் போன வாரம்தான் சர்வீஸ் பண்ணது அத்தை. உங்க கால்தான் தயங்குது, பயம்."

அத்தை குனிந்து தன் காலைப் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அதே கதைதான். கைப்பிடியை விடுவதும் பெல்ட் இழுப்பதும் அவர் இறங்கிவிடுவதும். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று வேறு சொல்லிச் சிரித்தார் டாக்டர். அடுத்த அறையில் அத்தை இருக்கிறார் என்பது வாய்க்கு நினைவிருந்தால்தானே.

கடைசியில் பிசியோ பெண்ணே கையை விரித்துவிட்டாள். இன்றும் நடக்கவில்லை என்றால் வாக்கர்தான், தனியாக இருக்க முடியாது என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே ஏறினாள். ஒல்லியான பெண். பெல்ட் அவளையும் வெடுக்கென்று இழுத்தது.

 எங்கே தப்பு என்று டாக்டருக்கு அந்த நொடியே தெரிந்துபோயிற்று. தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

ட்ரெட்மில் மோட்டாருக்கு ஓட்டத்தைவிட மெதுநடைதான் பெரும்பாடு. கால் பதியும்போதெல்லாம் ஆளின் பாரம் பெல்ட்டை அடிப்பலகையோடு அழுத்திப் பிடிக்கும், மோட்டார் திணறும். உடனே மோட்டாரை இயக்கும் டிரைவ் போர்டு கூடுதல் கரண்ட் கொடுத்து, வேகம் விழாமல் தள்ளிவிடும். எவ்வளவு தள்ளுவது என்பது ஒரு சின்ன ஸ்க்ரூவின் கையில். சர்வீஸ் செய்த அன்று டாக்டர் தானே ஏறி நின்று, தன் பாரத்துக்குப் பெல்ட் திணறாத அளவுக்கு அதைத் திருகிவைத்தார். தன் உடம்பே உலகத்தின் உடம்பு என்று நினைப்பு. அவர் எடைக்கு வேண்டிய தள்ளலை, அவரில் பாதிகூட இல்லாத அத்தையின் காலுக்குக் கொடுத்தால் அது ஏன் வெட்டி இழுக்காது? மேடையைக் கோணலாக்கியவரே அவர்தான்!

"அத்தை, தப்பு என்னோடது. என் எடைக்கு வச்சிட்டேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அத்தை அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "இப்ப என்ன செய்யணும்?"

"உங்க எடைக்குத் திருத்தணும். அதுக்கு நீங்கதான் ஏறணும்."

மறுபடியும் ஏறச் சொல்ல எப்படி வாய் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அத்தை ஏறினார். தடுமாறினால் மெஷின் நின்றுவிடும்படி பிசியோ பெண் சாவிக் கயிற்றை அவர் சேலையில் மாட்டிவிட்டு, பக்கத்தில் அணைத்தாற்போல் நின்றாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் கரண்டை நிறுத்தி, மூடியைக் கழற்றி, ஸ்க்ரூவைத் துளி குறைத்து, மூடியைப் பூட்டிய பிறகே ஓட்டினார்.

"இழுக்குதா அத்தை?" இத்தனை நாளில் இதை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"இழுக்குது."

மறுபடி கழற்றினார். மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி கழன்றது, மூச்சு வாங்கியது. நோயாளி யார் என்று வெளியிலிருந்து வந்தவர் கேட்டால் அவரைத்தான் காட்டுவார்கள்.

"இப்போ?"

நிமிர்ந்து பார்த்தார். அத்தை இரண்டு கைகளையும் வீசி நடந்துகொண்டிருந்தார். பெல்ட் நூல் பிடித்தாற்போலப் போய்க்கொண்டிருந்தது.

"போதும்மா, நீங்க உங்க வீட்டுக்குப் போகலாம்" என்றாள் பிசியோ பெண்.

அத்தை இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆபரேஷன் ஆன தொடையை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"கால் நல்லாத்தான் இருந்திருக்கு மாப்பிள்ளை. நீங்க சொன்னீங்கன்னு நான்தான் இத தினமும் திட்டிட்டிருந்தேன்."

டாக்டர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்.