செல்லச்சாமியின் குரல்

சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தென்காசி வாசகசாலையில் பெஞ்சுகள் நிறைந்துவிடும். அரிசி மில் ஆட்கள், வண்டிக்காரர்கள், கடையநல்லூரிலிருந்து நூல் வாங்க வந்த தறிக்காரர்கள். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அவர்கள் செல்லச்சாமி பத்திரிகை வாசிப்பதைக் கேட்க வந்தவர்கள். சங்கம் சேர்த்ததற்காக மில்லிலிருந்து விரட்டப்பட்டவன் அவன். யுத்தச் செய்தியை உரக்க வாசித்துவிட்டு, அதில் மூட்டை தூக்குகிறவனுக்கு என்ன இருக்கிறது என்று இரண்டு வார்த்தை சொல்வான். கூட்டம் அசையாமல் கேட்கும்.

அந்த வாசகசாலையைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் நெல்லையப்பன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டை போட்டு, எண் எழுதி, பூச்சி அரிக்காமல் வேப்பிலை வைத்தவர். ஒரு வரி வாசியுங்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. செல்லச்சாமி ‘ழ’வை ‘ள’ என்பான். அவருக்குப் பல் கூசும். ஒருநாள் காலையில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரிகையை அவனைப் போலவே ஏற்றி இறக்கி வாசித்துப் பார்த்தார். மனைவி தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள்.

“யாருக்கு வாசிக்கிய?”

அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்.

ஆடி மாதம், யுத்தத்துக்கு எதிராக நோட்டீஸ் போட்டான் என்று செல்லச்சாமியைப் போலீஸ் தேடியது. குற்றாலத்தில் சீசன் கூட்டத்தோடு கலந்துவிடக் கிளம்பியவன், போகுமுன் வாசகசாலைக்கு வந்தான்.

“அண்ணாச்சி, ஐந்தருவிக்குப் போற வழியில மாந்தோப்புல இருப்பேன். உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.”

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மிரட்டவில்லை. தெரியாது என்று நெல்லையப்பன் சொன்னதை நம்பி வாசல்வரை போய்விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

“ரொம்ப நல்லா வாசிப்பானாம்லா. ஒருநா வந்து கேக்கணும்னு நானே நெனச்சிருந்தேன்.”

நெல்லையப்பனுக்குள் ஏதோ சுரீரென்று ஏறியது.

“ஐந்தருவிப் பாதையில மாந்தோப்பு,” என்றார். சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தார். ஐந்தரைக்கெல்லாம் சாரலில் நனைந்தபடி எல்லோரும் வந்துவிட்டார்கள். மில்லில் உமி தூற்றும் பேச்சித்தாய் மேஜையருகே வந்து நின்றாள்.

“செல்லச்சாமிய ரயிலடியில விலங்கோட பாத்தேன் அண்ணாச்சி. எவன் காட்டிக் குடுத்தானோ, தெரியல. நான் அழுதேன். அவரு, ‘எதுக்கு அழுத? அண்ணாச்சி என்னைய விட நல்லா வாசிப்பாரு, அவர வாசிக்கச் சொல்லு’ன்னாரு.”

அவள் பத்திரிகையை அவர் முன்னால் விரித்து வைத்தாள். அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன. இத்தனை நாளாக அவர் ஆசைப்பட்டது இதைத்தான். எழுந்து நின்று முதல் வரியை வாசித்தார். குரல் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை. மறுபடி ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து ஒருவன், “கேக்கல,” என்றான்.

பேச்சித்தாய் ஈர முந்தானையைப் பிழிந்து செருகிக்கொண்டு, அவர் காலடியில் தரையில் வந்து உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள்.