முப்பத்தெட்டாம் நம்பர் மூடி

வரதர் தேர் நிலைக்கு வந்த மறுநாளே முப்பத்தெட்டாம் நம்பர் என் உயிரை எடுக்க ஆரம்பித்தது. எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு டெலிபோனுக்கும் போர்டில் ஒரு பித்தளை மூடி உண்டு. வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மூடி விழும். நான் பிளக்கைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். முப்பத்தெட்டு விழும், செருகுவேன், எதிர்ப்பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. நாளெல்லாம் இதே கூத்து.

எனக்குக் கோபம் மூக்குமேல் என்பது ஊருக்கே தெரியும். அந்த வீட்டுக்கு மணியடித்தேன். ஒரு இளம்பெண்ணின் குரல் எடுத்தது. "எதுக்குச் சும்மா சும்மா சுத்துறீங்க?" என்று சீறினேன்.

"நான் தொடவே இல்லக்கா."

"பெரியவங்களக் கூப்புடும்மா."

லோகாம்பாள் வந்தார், பட்டுக்கடை ராமலிங்கத்தின் மனைவி.

"உங்க வீட்ல யாரோ சுத்திட்டுப் பேசாம இருக்கிறாங்க. பகல்ல யாரு இருக்கிறது?"

"நானும் மருமவ வடிவும்தாம்மா. இப்பதான் கல்யாணம் ஆயி வந்திருக்குது."

"அப்ப, நீங்க தூங்கசொல்ல அவ யாருக்குச் சுத்துறான்னு கேளுங்க."

பக்கத்து போர்டு காந்தா திரும்பிப் பார்த்தாள். "இன்னா தேவகி, குடும்பத்துல கொள்ளி வெக்கிற?"

"உன் வேலையப் பாரு" என்றேன்.

சில நாள் கழித்து லோகாம்பாளே கூப்பிட்டார். "இனிமே தொந்தரவு இருக்காதும்மா. அவள மாகறலுக்கு, அம்மா வூட்டுக்கே அனுப்சிட்டோம். எவனுக்குடி போன் பண்ணேன்னா, அழுதுக்கினே நிக்கிறா. இந்த வாசப்படியே மிதிக்கக் கூடாதுன்னுட்டான் என் புள்ள."

நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் முப்பத்தெட்டு விழுந்தது. செருகினேன். சத்தமே இல்லை. ஐயோ, வடிவுதான் மாகறலில் இருக்கிறாளே!

மெக்கானிக் சாந்திநாதனிடம் ஓடினேன். அவர் முதலில் மூடியைச் சந்தேகப்பட்டு வேறு மூடி மாட்டினார். அதுவும் விழுந்தது. பிறகு லைன்மேன் சிட்டிபாபுவை அனுப்பி, அந்த வீட்டு டெலிபோனையே கம்பியிலிருந்து கழற்றச் சொன்னார். டெலிபோனே இல்லாத லைனில் மூடி மறுபடி விழுந்தது.

"அப்ப வீட்ல யாருமே சுத்தல. கோளாறு வெளியதான்" என்றார் அவர். "இது விழசொல்ல கூடவே வேற எது விழுதுன்னு பாத்தியாம்மா?"

நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அதற்குள் ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கிவிட்டேனே, பாவி! அடுத்த முறை விழுந்ததும் காந்தா கத்தினாள்: "என் போர்டுல நெல்லு மிஷினு மூடியும் கூடவே விழுந்துதுபா!"

தேர் போவதற்காக வீதியில் கழற்றிய கம்பிகளை அவசரத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு கம்பிகள் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நெல் மிஷினில் டெலிபோனைச் சுற்றும்போதெல்லாம் முப்பத்தெட்டும் விழுந்திருக்கிறது. சிட்டிபாபு கம்பியை இழுத்துக் கட்டினான். சரியாகிவிட்டது.

லோகாம்பாளிடம் நேரில் போய்ச் சொன்னேன். "அப்டியா, கம்பிதானா? சரி, வரச் சொல்லும்மா அவள" என்றார், இரவல் கொடுத்த குடத்தைத் திருப்பிக் கேட்பதுபோல. கூட்டிவர அந்த வீட்டில் யாரும் கிளம்பவில்லை. நான் மாகறலுக்குப் பஸ் ஏறினேன்.

வடிவு துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "என் நாக்குதான்மா உன்னக் கெடுத்துது. மன்னிச்சுடு."

"கம்பி சரியாயிடுச்சாக்கா?"

"ஆயிடுச்சு. கெளம்பும்மா, நானே கூட்டினு போய் உடுறேன்."

அவள் கையிலிருந்த ரவிக்கையை மடித்து வைத்தாள். "டெலிபோனக் கழட்டிப் பாத்துத்தான நான் இல்லன்னு கண்டுபுடிச்சீங்க? நாளைக்கு அந்த வூட்ல வேற எதுனா ஆச்சுன்னா, எதக்கா கழட்டிப் பாப்பாங்க?"

அன்றைக்கு லோகாம்பாளிடம் மட்டும் எப்படித்தான் பேசியதோ, பாழாய்ப்போன வாய். பஸ்ஸில் தனியாகத்தான் திரும்பி வந்தேன்.