மறைத்த புள்ளி

ஆய்வுக்கூடத்தின் பொதுக் கணினியில் அந்தத் தொலைநோக்கிப் படத்தைத் திறந்ததுமே தங்கைக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அவர்கள் ஆராயும் நட்சத்திரத்தை ஒட்டி இன்னொரு நட்சத்திரம், தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பதுபோல. படம் வந்தது போன வாரம். அமுக்கி வைத்திருந்தவள் ஆய்வுக் குழுவின் தலைவி, அவளுடைய கூடப்பிறந்த அக்கா!

கீழே அரங்கில் பத்திரிகைக்காரர்கள் வந்தாயிற்று. தன் நட்சத்திரத்தை உரசுகிற மாதிரி சுற்றும் ஒரு கோளை, 'கிட்டத்தட்ட முழு இரும்புக் குண்டு' என்று அறிவிக்கப் போகிறார்கள். அங்கே ஒரு வருஷமே சில மணி நேரம்தான்; காலையில் பிறந்தநாள் கொண்டாடினால் ராத்திரிக்குள் அடுத்தது வந்துவிடும். அந்தக் கோள் குறுக்கே போகும்போது நட்சத்திர ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து, அக்கா பருமனைக் கணக்கிட்டாள். அதன் இழுப்பில் நட்சத்திரம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, தங்கை எடையைச் சொன்னாள். இரண்டும் சேர்ந்தால்தான் அடர்த்தி.

தடதடவென்று அக்காவின் அறைக்குள் நுழைந்து, அச்செடுத்த படத்தை நீட்டினாள்.

"என்னக்கா இது?"

அக்காவின் முகம் வெளிறியது. "ஏதாவது தூசியா இருக்கும்."

"யார் காதுல பூ சுத்தற? ரெண்டு விளக்கு எரியுது, ஒண்ணு முன்னாடி மட்டும் பூச்சி பறக்குது. மொத்த வெளிச்சமும் ஒரே விளக்கோடதுன்னு நினைச்சா, பூச்சி சின்னதாத்தான் தெரியும். உன் கோள் நீ சொல்றதவிடப் பெருசு. அடர்த்தி பாதியா இறங்கிடும். இரும்பாவது துரும்பாவது, சாதாரணப் பாறை!"

"கத்தாதடி. அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

"பக்கத்துல ஏதாவது இருக்கான்னு கேட்டேன்ல? சுத்தமா இருக்குன்னு சொன்னியே! கட்டுரையில என் பேரும் இருக்கு. நாளைக்கு நான் அளந்து சொல்ற எதை எவன் நம்புவான்?"

"அம்மா முன் வரிசையில உக்காந்திருக்காங்க. அவங்களுக்காகவாவது..."

"அம்மாவை இழுக்காதே! சின்ன வயசுலேருந்து இதே வேலை. நீ எதையாவது உடைப்ப, அம்மாவைச் சொல்லி என் வாயை அடைப்ப." தங்கை படத்தை மேசைமேல் ஓங்கி வைத்தாள். "என் எடையை நான் வாபஸ் வாங்கறேன். அது இல்லாம அடர்த்தின்னு ஒரு வார்த்தை பேசிப் பாரு, கூட்டத்துலயே எழுந்து கத்துவேன்."

செய்ய மாட்டாள் என்று அக்கா நினைத்திருக்கலாம். ஆனால் தங்கை நேராக அரங்குக்குப் போய், வாசலை மறித்த மாதிரி நின்றாள்.

மேடையில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "ஒரு கோள் இருக்கு. பக்கத்துல இன்னொரு நட்சத்திரமும் இருக்கறதால அது இரும்பா பாறையான்னு இப்ப சொல்ல முடியாது."

பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். "இதுக்குத்தான் என்னை அவ்வளவு தூரத்துலேருந்து வரவழைச்சீங்களா?" என்றாள் அம்மா.

நடைபாதையில் அக்கா தங்கையை வழிமறித்தாள். "அடுத்த கோளுக்கு எடை பாக்க வேற ஆளை வச்சுக்கறேன்."

"தாராளமா வச்சுக்க. இந்தக் கோளை நான் விடறதா இல்ல. அந்தப் படத்தைக் குழுவுல எல்லாருக்கும் இப்பவே அனுப்பு. நீ அனுப்பற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்."

அக்கா முறைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.